பிள்ளை அழாத அந்த முதல் நிமிடம்

பிரசவ அறைப் பணிக்கு வந்த புதிதில் என்னை உறங்கவிடாத கேள்வி, பிறந்த பிள்ளை அழாவிட்டால் என்ன செய்வது என்பதுதான். அந்தக் கலக்கத்தோடுதான் பிறந்த பிள்ளையைக் காக்கக் கற்றுத்தரும் நவஜாத் சிசு சுரக்ஷா பயிற்சிக்குப் போனேன். மத்திய அரசு 2009இல் தொடங்கிய திட்டம் அது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்க்கும் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி.

பையும் மாஸ்கும் கொண்டு மூச்சு கொடுப்பதைப் பொம்மையை வைத்துப் பழக்கினார்கள். மாஸ்க் தாடை நுனி, வாய், மூக்கு மூன்றையும் மூட வேண்டும், கண்ணில் படக்கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்கை அழுத்த, மற்ற விரல்கள் தாடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஓரத்தில் நூலிழை இடைவெளி இருந்தாலும் காற்று வெளியே போய்விடும், நெஞ்சு ஏறாது. ‘அழுத்து, ரெண்டு, மூணு’ என்று வாய்விட்டுச் சொன்னபடி மாஸ்கோடு இணைந்த ஆம்பு பையை (கையால் அமுக்கிக் காற்று செலுத்தும் பை) அமுக்கினால் நிமிடத்துக்கு 40 முதல் 60 மூச்சு கிடைக்கும். கை வலிக்க வலிக்கப் பழகினேன்.

பிறகு ஓர் இரவு. தலை தெரிய ஆரம்பித்த நேரத்தில் பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கி இறங்கி ஏறியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நேரமில்லை. பிள்ளையைச் சூடாக வைக்கும் வார்மரைப் போட்டு, இரண்டு துணிகளைச் சூடாக்கி வைத்தோம். மின்விசிறியை நிறுத்தினோம்.

பிள்ளை துவண்டு வந்தது. அழுகை இல்லை. தொப்புள்கொடியை வெட்டி வார்மருக்குக் கொண்டுபோய்த் துடைத்து, ஈரத்துணியை எடுத்துவிட்டு, தோளுக்கடியில் ஓரங்குல மடிப்பு வைத்தேன். முதலில் வாய், பிறகுதான் மூக்கு என்று உறிஞ்சு கருவியால் சுத்தம் செய்தேன். மூக்கை முந்தித் தொட்டால் பிள்ளை திணறி வாயில் இருப்பதை உள்ளே இழுத்துவிடும். முதுகைத் தடவி, பாதத்தைச் சுண்டியும் அசைவில்லை.

வெளியிலிருந்து பாட்டியின் குரல்: “தலைகீழா புடிச்சு முதுகுல ரெண்டு போடு போடுங்கம்மா!” அவர் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் வயிற்றுக்குள் இருக்கும்வரை நுரையீரல் முழுக்க நீர்தான். மூச்சு நின்றுபோன பிள்ளையை எவ்வளவு தட்டினாலும் அந்த நீர் விலகாது, காற்றுதான் அதைத் தள்ள வேண்டும். அதனால்தான் முதல் நிமிடம் முடிவதற்குள் பையைக் கையில் எடுக்கச் சொல்கிறார்கள்.

முதல் அமுக்கல்களுக்கு நெஞ்சு ஏறவில்லை. தலையைச் சற்று நிமிர்த்தி, மாஸ்கைத் திருத்தி வைத்ததும் மெல்ல ஏறி இறங்கியது. பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தாலும் மாதம் நிறைந்த பிள்ளைக்குச் சாதாரணக் காற்றில்தான் தொடங்க வேண்டும். உடன் பணியில் இருந்த அக்கா தொப்புள்கொடியின் அடியைப் பிடித்துத் துடிப்பை எனக்குத் தெரியும்படி விரலால் தட்டிக் காட்டினார். 6 விநாடிக்கு 12, அப்படியென்றால் நிமிடத்துக்கு 120. நான் நிறுத்தவில்லை. இரண்டு திணறல், பிறகு ஒரு முனகல், பிறகு அழுகை. பாட்டியும் வெளியே அழுதார்.

பை தேவைப்பட்ட பிள்ளை என்பதால் 108இல் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குக் கண்காணிப்புக்காக அனுப்பினோம். நல்லபடியாக வீடு திரும்பியது.

இப்போது ஒவ்வொரு டூட்டி மாற்றத்திலும் மாஸ்க் வாயை உள்ளங்கையால் அடைத்துப் பையை அமுக்கிப் பார்க்கிறேன். கையில் அழுத்தம் தெரியாத பை அறையில் இருக்கவே கூடாது. செவ்வாய்க்கிழமை செக்கப்புக்குக் கர்ப்பிணிகளோடு வரும் அம்மாக்களிடமும் மாமியார்களிடமும் இதைச் சொல்லிவைக்கிறேன்: பிள்ளையைக் காட்டத் தாமதமானால் பதறாதீங்கம்மா, அழாத பிள்ளையை நாங்க அடிக்க மாட்டோம், மூச்சு கொடுப்போம்.