பின்சில்லுக்கு 36 கம்பி

என் நிறை 112 கிலோ. கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து காலிமுகத்திடல் வரை விடியற்காலையில் சைக்கிளில் போய்வர வேண்டும் என்று நெடுநாள் ஆசை. முதலில் வாங்கிய வண்டியில் இரண்டே மாதத்தில் பின்சில்லுக் கம்பிகள் மூன்று அறுந்தன. "அண்ணை, உங்கட நிறைக்கு சைக்கிள் சரிவராது" என்றார் கடைக்காரர். அது பிழை. சரிவராதது அந்தச் சில்லுதான்.

ஓட்டுபவரின் பாரத்தில் பெரும்பகுதி பின்சில்லில்தான் இறங்குகிறது. சில்லு சுற்றும் ஒவ்வொரு முறையும் கீழே வரும் கம்பியின் இழுவிசை குறைந்து மறுபடி ஏறுகிறது, கம்பி தளர்வாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தில் அது களைத்து, சில்லின் நடுவில் கொளுவியிருக்கும் வளைவுப் பக்கத்தில் முறிந்துவிடும். அதனால் இந்த முறை காசை அங்கேதான் போட்டேன்: இரட்டைச் சுவர் றிம் (உள்ளே இரண்டு தட்டாக இருக்கும் உறுதியான வெளிவளையம்), 36 கம்பி, எல்லாம் துருப்பிடிக்காத எஃகு, ஏனென்றால் கடற்காற்றில் சாதாரணக் கம்பி சீக்கிரம் துருவேறும். சில்லைக் கையால் கட்டத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஒவ்வொரு பக்கத்துக் கம்பிகளையும் ஒரே இறுக்கமாக்கி, சில வாரம் ஓடிய பிறகு திரும்பவும் பார்க்கச் சொன்னேன்.

டயர் 2 அங்குல அகலம். காற்று, பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல், முன்னதைவிடப் பின்னதில் கொஞ்சம் கூட. சட்டகம் இரும்பு.

அப்புறம் சீற்றைத் தாங்கி ஏற்றி இறக்கும் குழாய்: அதில் கீறியிருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தவே கூடாது, நிறை கூடியவர்களுக்கு அது உண்மையிலேயே ஆபத்து.

இப்போது எட்டு மாதம். ஒரு கம்பியும் அறவில்லை.