ரேடியோஹெட்டின் விநோதப் பாடல்களை வீட்டுக் கணினியில் செய்து பார்த்த அனுபவம்

ரேடியோஹெட் ரசிகர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும், அந்தக் குழுவின் பாடல்களில் மிகத் துணிச்சலான பரிசோதனை எது என்ற வழக்கில் போய் நிற்காமல் முடிவதில்லை. 1997இல் 'ஓகே கம்ப்யூட்டர்' வெளியானபோது கிட்டார் இசையின் உச்சம் என்று கொண்டாடப்பட்ட இந்த ஆக்ஸ்ஃபோர்டு குழு, 2000 அக்டோபரில் 'கிட் ஏ' தொகுப்பை ஒரு சிங்கிள்கூட (தனியாக வெளியிடப்படும் பாடல்) வெளியிடாமல் கொண்டுவந்தது. அதன் முதல் பாடலில் கிட்டாரே கிடையாது. பத்து எண்ணிக்கைச் சுற்றில் ஒரு சிந்தசைசரும், துண்டு துண்டாக நறுக்கப்பட்ட, குழுவின் பாடகர் தாம் யார்க்கின் குரலும்தான் இருந்தன. அதே பதிவு அமர்வுகளில் உருவானவற்றிலிருந்து 2001இல் 'அம்னீசியாக்' வந்தது. எங்கள் வழக்கு பெரும்பாலும் இந்த இரண்டு தொகுப்புகளைச் சுற்றியே நடக்கிறது.

நண்பர்களில் ஒருவர் 'புல்க்/புல் ரிவால்விங் டோர்ஸ்' தவிர வேறொன்றையும் ஏற்கமாட்டார். இன்னொருவர் 'கிட் ஏ' என்ற தலைப்புப் பாடலின் பக்கம். மூன்றாமவர், இவையெல்லாம் வார்ப் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தின் மின்னணு இசைக் கலைஞர்கள் முன்பே செய்துவிட்டவை என்றும், ராக் குழு ஒன்று அவற்றைக் கையிலெடுத்ததால் மட்டுமே புதுமையாகத் தெரிகின்றன என்றும் வாதிடுவார். யார்க் அந்தக் காலத்தில் வார்ப் வெளியீடுகளை வாங்கிக் குவித்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் என்பதால் இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. காதால் மட்டும் கேட்டு வாதிடுவதைவிட, அந்தப் பாடல்களுக்குக் கையாளப்பட்ட முறைகளை என்னிடம் இருக்கும் பழைய மடிக்கணினி, ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருள், விலை குறைந்த மைக், ஒரு சிறிய கீபோர்டு ஆகியவற்றைக் கொண்டு நானே செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. பாடலை அப்படியே நகலெடுப்பது நோக்கமல்ல. எந்த முறை என்ன கேட்கிறது, என்ன தருகிறது என்று தெரிந்துகொள்வதுதான்.

முதலில் 'புல்க்/புல்'லை எடுத்துக்கொண்டேன். குரலின் சுருதி பிசகைத் திருத்துவதற்காக வந்த ஆட்டோடியூன் கருவிக்குள் யார்க் பாடாமல் வெறுமனே பேசியிருக்கிறார்; பேச்சில் இல்லாத ஸ்வரத்தைத் தேடி அந்தக் கருவி படும் அவஸ்தைதான் பாடலில் நாம் கேட்பது. இலவசமாகக் கிடைக்கும் சுருதித் திருத்தி ஒன்றைப் போட்டுக்கொண்டு, மேசையில் கிடந்த மின்கட்டண ரசீதை வாய்விட்டுப் படித்தேன். தமிழில் பேசும்போது கேள்விக்கும் எண்களுக்கும் குரல் வழுக்கிக்கொண்டு மேலேறும் அல்லவா, அந்த வழுக்கல்களெல்லாம் படிக்கட்டாக உடைந்து, ரசீது முழுவதும் ஏதோ பாசுரம்போல ஒலித்தது. கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், ஒரு மாலைப் பொழுதுக்குள் யார் வேண்டுமானாலும் இந்த விளைவை எட்டிவிடலாம் என்பதால், நண்பரின் வேட்பாளருக்கு என் மனத்தில் மதிப்பெண் குறைந்தது. அந்தப் பாடலின் நொறுங்கிய தாளக்கட்டு வேறு விஷயம். அதை நான் தொடவில்லை.

'கிட் ஏ' பாடல் அப்படி எளிதில் பிடிபடவில்லை. அதில் யார்க் வரிகளைப் பேசுகிறார். குழுவின் இன்னொரு உறுப்பினர் ஜானி கிரீன்வுட் வாசிக்கும் ஓன்ட் மார்ட்டெனோ என்ற வாத்தியத்தின் ஸ்வரங்கள் வாத்திய ஒலியில் பேச்சின் வடிவத்தைப் பதிக்கும் வோகோடர் என்ற கருவி வழியாக அந்தப் பேச்சுக்கு மெட்டைக் கொடுக்கின்றன. மோரிஸ் மார்ட்டெனோ 1928இல் பாரிஸில் அரங்கேற்றிய அந்த மின்வாத்தியத்தில், விரலில் ஒரு வளையத்தை மாட்டிக்கொண்டு கம்பி நெடுக நகர்த்தினால் ஒலி கமகம்போல வளைந்து செல்லும். எனக்கு அது ஏது? ஆடாசிட்டியில் வோகோடர் உண்டு; இடப்பக்கத் தடத்தில் பேச்சையும் வலப்பக்கத் தடத்தில் வாத்தியத்தையும் வைத்தால், வாத்தியம் பேசத் தொடங்கும். முதலில் புல்லாங்குழல் ஒலியை வைத்தபோது ஒரு சொல்லும் விளங்கவில்லை. குழலில் மேலொலிகள் (ஸ்வரத்தோடு சேர்ந்தே எழும் உயர்ந்த ஒலிகள்) குறைவு என்பதால் பேச்சின் வடிவத்தைத் தாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. கைப்பேசியில் இருந்த சுருதிப் பெட்டியை வைத்ததும் நிலைமை மாறியது. அதன் கரகரப்பான, நிறைந்த ஒலியில் உயிரெழுத்துகள் துல்லியமாக வந்தன. 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் மட்டும் காணாமல் போயின. வாத்தியத்தோடு கொஞ்சம் இரைச்சலைக் கலந்த பிறகே அவையும் திரும்பின. ஆனால் சுருதிப் பெட்டி ஒரே இடத்தில் நிற்பது. மெட்டு நகர வேண்டுமானால் கீபோர்டில் வாசிக்க வேண்டும், பேச்சின் வேகத்துக்கும் வாசிப்புக்கும் ஒத்திசைவு வேண்டும். இரண்டு மனிதர்கள் சேர்ந்து ஒரே குரலாக ஆவது அந்தப் பாடலில் எவ்வளவு நுட்பமாக நடந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

'ட்ரீஃபிங்கர்ஸ்' பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குழுவின் கிட்டார் கலைஞர் எட் ஓ'பிரையனின் கிட்டார் ஒலியை எடுத்து நீட்டி, இழுத்து, மேகமாக்கிய பாடல் அது. எந்த ஒலியையும் பல மடங்கு நீட்டித் தரும் வசதி இப்போது ஆடாசிட்டியிலேயே இருப்பதால், காப்பி டம்ளரில் கரண்டி பட்ட ஓசைகூட அதேபோன்ற மேகமாகிவிடுகிறது.

'இடியோடெக்' அப்படியல்ல. கிரீன்வுட் ஸ்டுடியோவில் தனியாக அமர்ந்து ஏறத்தாழ 50 நிமிடம் மனம்போன போக்கில் பதிவு செய்ததை யார்க்கிடம் கொடுக்க, அதற்குள் ஒளிந்திருந்த ஒரு சின்னப் பகுதியை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார் என்பது ரசிகர்களுக்கெல்லாம் தெரிந்த கதை. அந்தப் பகுதியின் உயிரான நாலு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்), இசையமைப்பாளர் பால் லான்ஸ்கி 1973இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பெரிய ஐபிஎம் கணினியில் உருவாக்கிய 'மில்ட் உண்ட் லைசெ' என்ற படைப்பிலிருந்து வந்தவை. பதினெட்டு நிமிடம் ஓடும் அந்தப் படைப்பில் அவை சில விநாடிகளே வருகின்றன. நானும் கீபோர்டில் நீண்ட நேரம் எதையெதையோ வாசித்துப் பதிவு செய்து, மறுநாள் அதற்குள் சுழலத் தகுந்த ஒரு துண்டைத் தேடினேன். வெட்டுவது எளிது, வெட்டிய துண்டு திரும்பத் திரும்ப ஓடும்போது ஒட்டு தெரியாமல் இருப்பதுதான் பாடு. ஒலி அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் இடத்தில் வெட்டாவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்று ஒரு சொடுக்கு விழும். அதைச் சரிசெய்த பிறகும் என் துண்டு ஒன்றுகூட நாலு சுற்றுக்கு மேல் கேட்கச் சகிக்கவில்லை. லான்ஸ்கியின் கார்டுகள் முடிவுக்கு வராமல் தொங்கிக்கொண்டே இருப்பதால்தான் அத்தனை நிமிடமும் தாங்குகின்றன. இங்கே பரிசோதனை என்பது கருவியில் இல்லை. ஐம்பது நிமிடக் குப்பையில் அந்த இடத்தில் நிறுத்து என்று சொன்ன காதில் இருக்கிறது.

இடையில் 'பிரமிட் சாங்' பற்றியும் ஒரு சச்சரவு எழுந்தது. பியானோவும் குரலும் மட்டும் ஒலிக்கும் தொடக்கத்தில் தாளம் எங்கே விழுகிறது என்பதில் உலகெங்கும் ரசிகர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். கையால் தட்டிப் பார்த்தால் எனக்குக் கிடைப்பது 'தகிட தகிட தகதிமி தகிட தகிட' என்ற பதினாறு. டிரம்ஸ் நுழைந்ததும் அது ஊஞ்சல்போல ஆடும் நாலின் மேல் கச்சிதமாகப் பொருந்துகிறது. சொற்கட்டோடு பழகியவர்களுக்கு இது பெரிய புதிர் அல்ல என்றாலும், இவ்வளவு எளிய கணக்கை அத்தனை சோகமான நடைக்குள் மறைத்து வைத்தது சாதாரண வேலையும் அல்ல.

என் நேரத்தை அதிகம் விழுங்கியதும், கடைசியில் இந்த வழக்கில் என் வேட்பாளராக ஆனதும் 'லைக் ஸ்பின்னிங் பிளேட்ஸ்'. 'ஐ வில்' என்ற தங்கள் பாடலைச் சிந்தசைசர்களோடு பதிவு செய்துபார்த்து, பிடிக்காமல், அதைப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள். பக்கத்து அறையில் இருந்த யார்க், பின்னோக்கி வந்த தன் குரலின் மெட்டே மேல் என்று கருதி, அதைக் கற்றுக்கொண்டு புதிய பாடலாக்கினார். அதோடு நிற்காமல், புதிய வரிகளை ஒலி ஒலியாகத் தலைகீழாக்கிப் பாடி, அந்தப் பதிவை மீண்டும் திருப்பி ஓட்டினார். அதனால் சொற்கள் நேராகவே வருகின்றன; ஆனால் வேறு உலகத்திலிருந்து வருவதுபோல வருகின்றன.

இதைத் தமிழில் செய்ய, 'மழை வருமா' என்ற இரண்டே சொற்களை நாலு ஸ்வரத்தில் பாடிப் பதிவு செய்து திருப்பினேன். கேட்டது 'ஆமுரவ் இயழம்'. இதை மனப்பாடம் செய்து அதே ஸ்வரங்களில் பாடி, மறுபடி திருப்பினால் 'மழை வருமா' கிடைக்க வேண்டும். முதலில் கிடைத்தது ஏதோ காய்ச்சல்காரரின் முனகல். எழுத்துகளைத் திருப்பினால் போதாது, மூச்சையும் திருப்ப வேண்டும் என்பது கேட்கக் கேட்கப் புரிந்தது. சாதாரணமாக ஒரு ஸ்வரம் பளிச்சென்று தொடங்கி மெல்லத் தேய்கிறது. திருப்பியதில் அது ஒன்றுமில்லாமல் தொடங்கி, வீங்கி, கத்தரித்ததுபோல நிற்கிறது. எனவே ஒவ்வொரு ஸ்வரத்தையும் அப்படியே வளர்த்து, உச்சத்தில் தொண்டையை அடைத்து நிறுத்தப் பழக வேண்டியிருந்தது. ம, ய, ர, ல, ழ, வ ஆகியவை எந்தத் திசையிலும் ஒத்துழைக்கும். 'பட்டம்' என்று முயன்றபோது மட்டும், ப என்ற வெடிப்பைப் பின்னோக்கி உச்சரிக்க வாய்க்கு வழியே தெரியவில்லை. காற்றை உள்ளே விழுங்கினால் ஓரளவு கிட்டே வருகிறது. மெல்ல மெல்ல 'மழை வருமா' தெளிந்தது. சொல் புரிகிறது, குரல் என்னுடையதுதான், ஆனால் 'ழை' மட்டும் உள்ளிழுக்கும் மூச்சோடு வந்து நின்றபோது என் வீட்டார் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, இதை ராத்திரியில் போடாதே என்றார்கள்.

வார்ப் ஆதரவாளர் இதற்கும் மறுப்பு வைத்திருந்தார். 2001இலேயே வந்த நேரலைத் தொகுப்பில் இதே பாடலை யார்க் எந்த வித்தையும் இல்லாமல் பியானோவில் வாசிக்கிறார், அது உருக்கமாகவும் இருக்கிறது. அப்படியானால் பின்னோக்கி ஓட்டியதெல்லாம் மேல்பூச்சுதானே என்பது அவர் கேள்வி. நான் அதையே எனக்குச் சாதகமான சான்றாக எடுத்துக்கொள்கிறேன். பியானோவில் அவர் வாசிக்கும் அந்த மெட்டே நாடாவைத் திருப்பியதால் பிறந்தது. ஆட்டோடியூனை எடுத்துவிட்டால் 'புல்க்/புல்'லின் குரலில் வெறும் பேச்சுதான் மிஞ்சும்; இங்கே கருவியை எடுத்த பிறகும் பரிசோதனையின் விளைவு பாடலுக்குள் மிச்சமிருக்கிறது. 2003இல் 'ஹெயில் டு தி தீஃப்' தொகுப்பில் 'ஐ வில்' நேரான வடிவில், வேறு பதிவாக வந்துவிட்டது என்பதால், வேரையும் கிளையையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கவும் முடிகிறது.

'புல்க்/புல்' நண்பர் இன்னும் இறங்கிவரவில்லை. அந்தத் தாளக்கட்டை உன்னால் செய்ய முடிந்ததா என்று கேட்கிறார். அடுத்து அதற்காக டிரம் மெஷின் மென்பொருள் ஒன்றை இறக்கி வைத்திருக்கிறேன்.