டிக் டிக் என்று நொண்டிய எஞ்சின்

என்னிடம் இருக்கும் பழைய ஓஓ அளவு (நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு) நீராவி ரயில் எஞ்சின் மாடல் (உள்ளே இருப்பது மோட்டார்தான்) ஓடும், ஆனால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் 'டிக்' என்று ஒரு முறை குதிக்கும். மோட்டார் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பாவம், அதன் மேல் தப்பே இல்லை.

அடித்தட்டைக் கழற்றினால் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிக் கிடக்கிறது. அதைத் துடைத்தபின் தெரிந்தது, அச்சில் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில், இரண்டு பற்களுக்கு நடுவே முடி அளவு விரிசல். விரிந்த அந்த இடத்துக்கு மோட்டாரின் வார்ம் (பல்சக்கரத்தைச் சுற்றவைக்கும் திருகு) வரும்போதுதான் அந்த டிக். பசை போட்டு ஒட்டிப் பார்த்தேன் (புத்தி!), அரை மணி நேரத்தில் விட்டுவிட்டது, உள்ளே அச்சு நெருக்கிக்கொண்டே இருந்தால் எப்படி நிற்கும்.

சரி, புதுசு வாங்கிப் போட்டேன். அது சுலபம், அப்புறம்தான் தலைவலி. ஒரு பக்கச் சக்கரத்தைப் பிடுங்கித்தான் பல்சக்கரத்தை மாற்ற முடியும், திரும்பப் போடும்போது இரண்டு பக்கக் கிராங்க் பின்னும் (சக்கரங்களை இணைக்கும் தண்டு மாட்டும் முளை) ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளி நிற்க வேண்டும், மூன்று அச்சிலும் ஒரே மாதிரி. நிஜ எஞ்சினிலும் அப்படித்தான், ஒரு பக்கப் பிஸ்டன் முனையில் முட்டி நிற்கும்போது மறுபக்கம் தள்ளிவிட வேண்டுமே. மாடலில் அந்தக் கோணம் துளி பிசகினாலும் இணைப்புத் தண்டு பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது முயற்சியில், மோட்டார் இல்லாமல், சாய்த்த கண்ணாடி மேல் வைத்ததும் தானாக உருண்டது.