நீல மூடிக் குழாய்

2024 ஜூன் 3, திங்கள்

தம்பிக்கு வலது கண் மறுபடி சிவந்துவிட்டது. கூசுகிறது என்று காலையிலிருந்து துண்டை முகத்தில் போட்டுப் படுத்திருக்கிறான். டார்ச் அடித்துப் பார்த்தேன். கருவிழியின் கீழ் விளிம்பில் பிறை மாதிரி வெள்ளையாகச் சீழ் தேங்கியிருக்கிறது. தலையைச் சாய்த்தால் அதுவும் மெல்லச் சரிகிறது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. அம்மா வழக்கம்போல "உடம்புச் சூடு" என்றாள். பத்து வருஷமாக அவன் வாய்ப்புண்ணுக்கும் அவள் வைத்தியம் மணத்தக்காளிக் கீரைதான்.

ஜூன் 4, செவ்வாய்

கண் டாக்டர் வாய்ப்புண்ணைப் பற்றித்தான் முதலில் கேட்டார். அடுத்து, மர்ம உறுப்பில் புண் வந்ததுண்டா என்றார். தம்பி என்னைப் பார்த்தான், நான் வெளியே போய் நின்றேன்.

திரும்பக் கூப்பிட்டபோது கேட்டார்: "ஊசி குத்தின இடத்துல கொப்புளம் வருமா?"

வந்திருக்கிறது. போன மாதம் கால் வலிக்கிறது என்றானே, அப்போது நான்தான் ரத்தம் எடுத்தேன். மூன்றாம் நாள் முழங்கை மடிப்பில் சீழ்க் கொப்புளம். ஸ்பிரிட் சரியாகத் துடைக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். பதினோரு வருஷ லேப் வேலை!

பெஹ்செட் நோயாக இருக்கலாம் என்றார். ஊசி குத்தின இடத்துக் கொப்புளமும் அதன் அடையாளம்தானாம். வாய்ப்புண், பிறப்புறுப்புப் புண், கண் அழற்சி மூன்றும் ஒரே நோயின் வேலை என்று 1937-இல் எழுதிய இஸ்தான்புல் தோல் மருத்துவர் ஹுலுசி பெஹ்செட்டின் பெயர். துருக்கியிலிருந்து ஜப்பான் வரை, பழைய பட்டுப் பாதை நெடுக அதிகமாம். "மதுரைக்கு எந்த பஸ்ஸுல வந்துச்சு?" என்றான் தம்பி.

ஜூன் 6, வியாழன்

இடது கெண்டைக்கால் வீங்கிக் கல்லாக இருக்கிறது. டாப்ளர் ஸ்கேனில் சிரைக்குள் ரத்தக்கட்டு.

ரத்தம் நானே எடுத்தேன். உறைதல் சோதனைக்கு நீல மூடிக் குழாய். அதில் ரத்தத்தை உறையவிடாத சிட்ரேட் ஏற்கெனவே இருக்கும். அது ஒரு பங்கென்றால் ரத்தம் ஒன்பது பங்கு. கோட்டைத் தொடாவிட்டால் சிட்ரேட் மிஞ்சி, ரத்தம் உறைய நேரமாவதுபோல் பொய்க்கணக்கு வரும். பாதியிலேயே ரத்தம் வருவது நின்றுவிட்டது. குழாயைத் தூக்கிப்போட்டு அடுத்த கையில் குத்தினேன். "அக்கா, அந்தக் கையிலயும் கொப்புளமா?"

ஜூன் 7, வெள்ளி

டி-டைமர் 1,840. ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜன் 560, இருக்க வேண்டியது 400-க்குள்.

அப்பா போன மாத ரிப்போர்ட்டை எடுத்து வந்தார். வேறு லேப், அதில் டி-டைமர் 1.9. "ஆயிரம் மடங்கு ஏறிடுச்சாம்மா?" அது மைக்ரோகிராம், இது நானோகிராம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அலகைக் கொட்டை எழுத்தில் போட்டால் லேப்காரர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

ரத்தக்கட்டு கரையும்போது உதிரும் துணுக்குதான் டி-டைமர். குறைவாக இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. கூடினால் கட்டுதான் என்று அர்த்தமில்லை, அழற்சி இருந்தாலே ஏறும். ஃபைப்ரினோஜனும் அப்படித்தான், உடம்பு கொதிக்கும்போது கல்லீரல் கூடுதலாகச் சுரந்து தள்ளும்.

ஜூன் 15, சனி

ரத்தத்தை இளக்கும் மாத்திரைதான் தருவார் என்று போனோம். ருமட்டாலஜி (மூட்டு, அழற்சி நோய்) டாக்டர் எழுதியது ஸ்டீராய்டும், நோய் எதிர்ப்பை அடக்கும் அசதயோப்ரினும். இந்த நோயில் ரத்தக்குழாயின் சுவரே வீங்கிப் புண்ணாகி, அதில்தான் கட்டு ஒட்டிக்கொள்கிறதாம். பிய்ந்து நுரையீரலுக்கு ஓடுவது அபூர்வம். சுவரின் அழற்சி அடங்கினால் கட்டும் அடங்கும். இளக்கும் மருந்து வேண்டுமா என்பதை நெஞ்சு சிடி ஸ்கேன் பார்த்துத்தான் சொல்வாராம். நுரையீரல் தமனி எங்காவது பலூன் மாதிரி புடைத்திருந்தால், அந்த மருந்தால் ரத்தக்கசிவு உயிருக்கே வினையாகிவிடும்.

வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா, "நான் அப்பவே சொன்னேன், சூடுன்னு." எனக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

சிடியில் புடைப்பு ஏதுமில்லை. கண்ணில் இருந்த சீழ் வற்றிவிட்டது. பஸ் நம்பர் படிக்கிறான். டி-டைமர் 610. அசதயோப்ரின் வெள்ளணுவைக் குறைத்துவிடலாம் என்பதால் அதன் எண்ணிக்கையும் பார்த்தோம், சரியாக இருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

தூங்கிக்கொண்டிருந்தவனின் கையைத் திருப்பிப் பார்த்தேன். மடிப்பில் கடுகளவு சிவப்புப் புள்ளி. சீழ் இல்லை.