அப்பாவின் மூன்று சில்லுச் சைக்கிளுக்கு எந்தக் கியர்?

மீண்டும் வாகனம் ஓட்டலாம் என்று வைத்தியர் சொன்ன அன்று மாலையே, கொட்டிலுக்குள் நின்ற பழைய மோட்டார் சைக்கிளை அப்பா துடைக்கத் தொடங்கிவிட்டார். பாரிசவாதம் வந்து அப்போது பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. இடது காலை ஊன்றி நடக்கிறார்; ஆனால் நிறுத்திய சைக்கிளின் பாரத்தை அந்தக் காலால் தாங்க முடியாது, பாதத்தின் முன்பகுதியை மேலே தூக்கவும் வராது. இடது கை தோளிலிருந்து நன்றாக அசைகிறது, விரல்கள்தாம் இறுகுவதில்லை. ஆகவே மூன்று சில்லு என்பதில் வீட்டில் எவருக்கும் மறுப்பு இருக்கவில்லை. கையால் கிளச் பிடித்து மாற்றும் கியரா, கிளச் பிடி இல்லாத அரைத்தானியங்கிக் கியரா என்பதில்தான் அப்பாவும் நானும் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் இழுபட்டோம்.

அப்பா ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் குடியிருந்து மேற்குப் பக்கமான படுவான்கரையில் படிப்பித்தவர். மண்முனைத் துறையில் சைக்கிளைப் ‘பாதை’ என்ற மிதவையில் ஏற்றி வாவியைக் கடந்தவர், 2014 இல் அங்கே பாலம் திறந்த பின்னர்தான் கொக்கட்டிச்சோலைக்கு நேரே ஓடினார். மாரியில் சேறாகிக் கிடக்கும் வயல் வீதிகளில் அவரைக் காப்பாற்றியது கிளச் பிடியை அரைவாசி அழுத்தி, எஞ்சினின் இழுவையை அளந்து விடும் பழக்கமே. “கிளச்சப் பிடிச்சாத்தான் மகள் சைக்கிள் என்ட கையில நிக்கும்” என்று அவர் சொன்னபோது, அதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய பேச்சை வைத்தே யோசித்தேன். இரண்டு சில்லில் மெதுவாகப் போகும்போது சைக்கிள் சரிந்துவிடாமல் காப்பது பெரும்பாலும் கிளச்தான். நடை வேகத்தில் திரும்பவும், சன நெரிசலுக்குள் ஊரவும், எஞ்சின் நின்றுவிடாமலும் சைக்கிள் பாய்ந்துவிடாமலும் இடையில் ஓரிடத்தில் அதைப் பிடித்து வைத்திருக்கிறோம். மூன்றாவது சில்லு வந்ததும் சமநிலையைச் சட்டகம் ஏற்றுக்கொள்கிறது, கையின் அந்த வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் அதே கைக்குப் புதிய வேலை ஒன்று வந்து சேர்கிறது. இரண்டு சில்லுச் சைக்கிளை உடலைச் சரித்தே திருப்பிவிடலாம். பின்னால் இரண்டு சில்லு பூட்டியது சரியாது என்பதால், ஒவ்வொரு வளைவிலும் ஹாண்டிலை இரு கைகளாலும் பலமாகத் தள்ளித்தான் திருப்ப வேண்டும். அப்பாவின் இடது கைக்குத் தள்ள முடியும், இறுகப் பிடிக்கத்தான் முடியாது. அந்தக் கையைக் கிளச்சுக்குக் கொடுத்தால், திருப்புவதற்கு வலது கை மட்டுமே மிஞ்சும்.

ஆட்டோவைப் பற்றியும் பேசினோம். நம் வீதிகளில் எல்லோரும் அறிந்த மூன்று சில்லு அதுதான், பின்னோக்கிச் செல்லும் கியரும் அதில் உண்டு. ஆனால் ஆட்டோவில் கிளச்சைப் பிடிப்பதும் பிடியைச் சுழற்றிக் கியர் மாற்றுவதும் ஒரே இடது கைதான் என்பதால், அந்தப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்தது.

கனடாவில் இருக்கும் மாமா தொலைபேசியில், “அத்தான், இஞ்ச மூன்டு சில்லுப் பெரிய சைக்கிள் இருக்கு, அதில கிளச்சே இல்ல” என்று சொல்லி ஒரு படம் அனுப்பினார். அது கியூபெக்கின் பி.ஆர்.பி. நிறுவனம் 2007 இல் அறிமுகப்படுத்திய கான்-ஆம் ஸ்பைடர்: முன்னால் இரண்டு சில்லு, பின்னால் ஒன்று. அதன் சாதாரண கியர் வகையில் இடது கைக்குக் கிளச்சும் இடது காலுக்குக் கியர் மிதியும் உண்டு. அரைத்தானியங்கி வகையில் இரண்டுமே இல்லை. இடது பிடியிலுள்ள ஆளியைப் பெருவிரலால் தள்ளினால் கியர் ஏறும், சுட்டுவிரலால் இழுத்தால் இறங்கும், வேகம் குறையும்போது தானாகவும் இறங்கிக்கொள்ளும். மூன்று சில்லுகளுக்கும் சேர்த்துப் பிரேக் வலது காலில் ஒரே மிதிதான். ஹாண்டிலைத் திருப்ப மின்னுதவியும் இருக்கிறது என்பதை நான் குறிப்பாகக் கவனித்தேன், ஏனெனில் நான் மேலே சொன்ன சிரமத்தை அதைச் செய்தவர்களும் உணர்ந்தே இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அது எட்டாத பொருள். ஆயினும் அந்தப் படம் எனக்கு ஒன்றைத் தெளிவாக்கியது: அரைத்தானியங்கி என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஸ்பைடர் இடது காலை விடுவித்து இடது கை விரல்களிடம் வேலையைக் கொடுக்கிறது. எங்கள் ஊரில் நெடுங்காலமாக ஓடும் ஹொண்டா கப் என்ற சிறிய மோட்டார் சைக்கிள் இடது கையை விடுவித்து இடது காலிடம் கொடுக்கிறது. எந்த உறுப்பு பலவீனமோ அதைப் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும். இடது காலை இழந்த ஒருவருக்கு நான் கப்பைச் சொல்லவே மாட்டேன்.

கப் 1958 இல் வந்தபோதே, ஒரு கையில் உணவைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்டும் கடைப் பையனை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது என்பார்கள். வேகமுறுக்கியும் முன் பிரேக்கும் வலது கையில், பின் பிரேக்கும் கிக்கரும் வலது காலில். பழைய கப்களில் சமிக்ஞை விளக்கின் ஆளிகூட வலது பிடியில்தான் இருக்கும். வண்டியை ஓட்டும் வேலையில் இடது பக்கத்துக்கு முக்கியமாக மிஞ்சுவது கியர் மிதிதான். அதிலும் முன்பக்கத்தை விரலாலும் பின்பக்கத்தைக் குதிக்காலாலும் கீழே அழுத்துவதுதான் வேலை, பாதத்தை மிதிக்கு அடியில் கொடுத்து மேலே தூக்க வேண்டியதில்லை. இடப்பக்கம் பாரிசவாதம் வந்த ஒருவருக்காகவே யோசித்துச் செய்ததைப் போல அது எனக்குத் தோன்றியது.

கிளச் பிடி இல்லாமல் மணலில் இழுவையை எப்படி அளந்து விடுவது என்பதுதான் அப்பாவின் கேள்வி. அதற்குப் பேச்சால் பதில் சொல்ல முடியாது என்பதால், ஆரையம்பதியில் ஒருவர் பாவிக்கும் மூன்று சில்லுக் கப்பை ஒரு காலைப்பொழுதுக்கு இரவலாகக் கேட்டு, கல்லடிக் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் ஓட்டிப் பார்த்தோம். கப்பில் கிளச் இல்லாமல் இல்லை. எஞ்சின் வேகம் கூடும்போது அதுவாகப் பிடிக்கிறது, கியர் மிதியை அழுத்தி வைத்திருக்கும்வரை விட்டுவிடுகிறது. மிதியை அழுத்தியபடி எஞ்சினைச் சற்று முறுக்கி, காலை மெல்லத் தளர்த்தினால், அப்பா கையால் செய்து வந்த அதே அரைக் கிளச் காலில் வருகிறது. நாலைந்து தடவைகளில் அவருக்கு அது பிடிபட்டது. அப்போது அவர் முகத்தைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆனாலும் அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆழமான மணலில் பாரத்தோடு நெடுநேரம் அப்படி இழுத்தால் கிளச் தகடுகள் சூடேறித் தேயும். கல்லடிப் பாலத்தின் ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் வண்டி பின்னால் உருளும் என்பதால், வலது கால் பிரேக்கை விட்டு எழவே கூடாது. மூன்றே கியர் என்பதால் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது இழுவை விழுவதும் தெரிந்தது. நாலு கியர் உள்ள 100 சி.சி. சைக்கிளில் அந்தக் குறை இராது.

இவற்றைக் கராஜில் இருந்தபடியே ஒவ்வொன்றாகப் பேசித் தீர்த்தோம். 50 சி.சி. எஞ்சின் வேண்டாம், 90 சி.சி. எஞ்சினே வேண்டும். முன் பற்சில்லில் ஒரு பல் குறைத்தால் வேகம் சற்றுக் குறைந்தாலும் இழுவை கூடும், கிளச்சுக்கும் பாரம் குறையும். பின் அச்சில் இரு சில்லுகளையும் ஒன்றாகப் பூட்டினால் வளைவில் ரயர் அரைபடும், ஒரு சில்லை மட்டும் இழுக்கவிட்டால் வண்டி ஒரு பக்கம் சாயப் பார்க்கும். அதனால் இரு சில்லுகளையும் இழுத்தபடியே வளைவில் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும், ஆட்டோவில் உள்ளது போன்ற பிரிப்புப் பற்சக்கரம் கிடைக்கும்வரை பொறுத்திருப்பது என்று முடிவு செய்தோம். மாற்றத்துக்கான அனுமதிப் பத்திரங்களை அந்த இடைவெளியில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இடது பிடியில் கிளச் இருந்திருக்க வேண்டிய இடத்தில் என்ன வைப்பது என்று மெக்கானிக் கேட்டார். கையைப் பட்டியால் கட்டிவிடலாம் என்பது அவருடைய யோசனை. வண்டி கவிழ்ந்தால் கை சிக்கிக்கொள்ளும் என்பதால் நான் அதற்கு உடன்படவில்லை. அப்பாவின் உள்ளங்கையை ஒரு தாளில் வைத்து வரைந்து கொடுத்திருக்கிறேன். அந்த அளவில், கை வழுக்காமல் படுத்திருக்கவும் வேண்டிய நேரத்தில் உடனே எடுக்கவும் கூடியதாக, இறப்பர் ஒட்டிய ஆழமில்லாத தகடு ஒன்று வெல்டிங் செய்யப்படுகிறது.