பின்னிணைப்புக்குப் போன வரி

"எண் சரிதானே?" என்று கேட்டார் குழுத் தலைவர். "சரிதான்" என்றேன். "அப்புறம் என்ன, அந்த வரியைப் பின்னிணைப்பில் போட்டுவிடுங்கள்." போட்டேன்.

1998 தொடக்கம், வாஷிங்டன். போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு மூன்றும் நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்று நான் எழுதிய குறிப்பு அது. பத்து ஆண்டுகளுக்கு 150 கோடி டாலர். நேட்டோவே சொன்ன மதிப்பீடு. ஓராண்டுக்கு முன்புதான் அமெரிக்க அரசு 2,700 முதல் 3,500 கோடி வரை என்றிருந்தது. 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் போட்ட கணக்கு இன்னும் பெரியது: 6,100 முதல் 12,500 கோடி. இதில் யாரும் தப்பாகக் கூட்டவில்லை. 150 கோடி என்பது எல்லோரும் சேர்ந்து போடும் பொதுப் பணம் மட்டும்.

ஒரு விமானதளத்தில் கூட்டணிப் படை வந்திறங்கத் தேவையான எரிபொருள் தொட்டிக்குப் பொதுப் பணம் வரும். அங்கே நிற்கும் போர் விமானம், விமானியின் சம்பளம், அவர் ஆங்கிலம் படிக்கிற செலவு எல்லாம் அந்த நாட்டின் தலையில். என் தாளில் தொட்டி இருந்தது, விமானம் இல்லை. 'நாடுகள் தம் படைகளுக்குச் செய்யும் செலவு இதில் சேராது.' பின்னிணைப்புக்குப் போனது இந்த வரிதான்.

குழுத் தலைவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. நேரில் போய்ப் பார்த்தவர்கள், தளங்கள் நினைத்ததைவிட நல்ல நிலையில் இருப்பதாகத்தான் சொன்னார்கள். பழைய சோவியத் விமானங்களை அந்த நாடுகள் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். அதை நேட்டோ கணக்கில் எழுதுவது நியாயமா? இப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். 2003-இல் போலந்து 48 எஃப்-16 விமானங்களுக்குக் கையெழுத்திட்டது. சுமார் 350 கோடி டாலர். அந்த ஒரு கொள்முதலே என் முதல் பக்க எண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல். செய்தியைப் படித்த அன்று வேலை ஓடவில்லை.

1998 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட், மூன்று நாடுகளையும் சேர்க்க 80-க்கு 19 என ஒப்புதல் தந்தது. என் குறிப்பால் ஒரு வாக்குகூட மாறியிருக்காது. அப்படியென்றால் அந்த வரி முதல் பக்கத்திலேயே இருந்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

எண் சரிதானே என்றபோது, எந்தக் கேள்விக்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் அவர் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டிருப்பார். அப்படிப்பட்ட மனிதர்தான் அவர்.