சண்டை போட முடியாத சண்டை வாத்தியார் – ஜான் டேனஹர் பத்தி ஒரு நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

இந்த மாசம் ஜான் டேனஹர்ங்கிற ஜியு-ஜிட்சு (எதிராளியைத் தரைல போட்டு பூட்டியோ நெறிச்சோ தோல்விய ஒத்துக்க வைக்கிற சண்டைக் கலை) வாத்தியாரைப் பத்தி உக்காந்து படிக்கிறதுன்னு முடிவு பண்ணியாச்சு. ஜிம்ல ஹீல் ஹூக், அதாவது குதிகாலைப் பிடிச்சுத் திருகற பூட்டு, அந்தப் பேச்சு எடுத்தாலே இவர் பேரு வந்துடுது, ஆனா யாரு, எங்கேர்ந்து வந்தாருன்னு கேட்டா பாதி பேருக்கு சொல்லத் தெரியல. பொறந்தது 1967ல அமெரிக்காவுல வாஷிங்டன், வளர்ந்தது நியூசிலாந்து, ஆக்லாந்துக்கு வடக்கால கடலோரமா இருக்கிற ஒரு ஊரு. 1991ல நியூயார்க் வந்தது ஜியு-ஜிட்சுவுக்காக இல்லவே இல்ல, கொலம்பியா யுனிவர்சிட்டில தத்துவத்துல பிஎச்டி பண்றதுக்கு. ஒரு விஷயம் நமக்குத் "தெரியும்"னு எதை வெச்சு சொல்றோம்ங்கிற மாதிரி கேள்விங்கதான் அவரோட துறை. கைச்செலவுக்கு ராத்திரில நைட் கிளப்ல பவுன்சர் வேலை. பகல்ல லைப்ரரி, ராத்திரி குடிச்சிட்டு தகராறு பண்றவனை புடிச்சு வெளிய விடறது, ரெண்டும் ஒரே ஆளு.

அப்போதான் 1993ல யூஎஃப்சிங்கிற கலப்புச் சண்டைப் போட்டி ஆரம்பிச்சு, ஜியு-ஜிட்சுக்காரர் ராய்ஸ் கிரேசி தன்னைவிட பெரிய ஆளுங்களை எல்லாம் தரைல போட்டு கழுத்தை நெறிச்சு ஜெயிச்சதை உலகமே பாத்துச்சு. பவுன்சர் வேலை பாக்கிற ஒருத்தருக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கொஞ்ச நாள்ல மன்ஹாட்டன்ல ரென்ஸோ கிரேசிங்கிற வாத்தியாரோட ஜியு-ஜிட்சு அகாடமில போய் சேந்துட்டாரு. அதுக்கப்புறம் பிஎச்டிய முடிக்கவே இல்ல.

மார்ச் 6, வியாழன்

இன்னைக்கு முழுக்க அவரோட முட்டியப் பத்திதான் யோசனை. சின்ன வயசுல ரக்பி ஆடி முட்டி போயிடுச்சு, ஆபரேஷன் பண்ணியும் சரியாகல. அந்தக் காலோடதான் இவர் 28 வயசுக்கு மேல ஜியு-ஜிட்சு ஆரம்பிச்சது. கால் சரியா இல்லாம வருஷக்கணக்கா விந்தி விந்தி நடந்ததுல இடுப்பும் தேஞ்சு, கடைசில இடுப்பு மூட்டையே மாத்துற ஆபரேஷன் வரைக்கும் போச்சு. நடக்கிறதைப் பாத்தா இந்த மனுஷன்கிட்டயா உலக சாம்பியனுங்க வரிசைல நிக்கிறாங்கன்னு தோணும்.

பெரிய போட்டில இவர் ஜெயிச்ச மெடல்னு ஒண்ணுகூட கிடையாது. இந்த விளையாட்டுல அது எவ்ளோ பெரிய விஷயம்னு வெளிய இருக்கிறவங்களுக்குப் புரியாது. இங்க வாத்தியார்னா முதல்ல அவர் என்ன ஜெயிச்சாருன்னுதான் கேப்பாங்க, சுவர்ல போட்டோ மாட்டியிருக்கணும், மெடல் தொங்கணும். இவர்கிட்ட அது எதுவும் இல்ல. அகாடமில இருந்த சீனியர்ங்க சில பேரு சொந்தமா ஸ்கூல் திறக்கப் போனதும் ரென்ஸோ இவரை முழு நேரமா கிளாஸ் எடுக்கச் சொன்னாரு, 2002ல பிளாக் பெல்ட்டும் குடுத்தாரு. ரென்ஸோவை எனக்கு ரொம்பப் பிடிச்சதே இதனாலதான், நொண்டுற ஒரு தத்துவ மாணவன் கிட்ட தன் அகாடமி கிளாஸை நம்பி ஒப்படைச்சாரே, அந்த மனசு எத்தன பேருக்கு வரும்.

மார்ச் 11, செவ்வாய்

முக்கியமான கதைக்கு வந்தாச்சு. டீன் லிஸ்டர்னு ஒரு அமெரிக்கக்காரர், 2003ல ஏடிசிசிங்கிற பெரிய உலகப் போட்டில எடை பாக்காத பிரிவுல தங்கம் வாங்கினவர், அதுக்கெல்லாம் முன்னாடி ஒரு தடவ ரென்ஸோ அகாடமில வந்து ரோல் (பயிற்சிச் சண்டை) பண்ணிட்டு இருந்தாரு. எல்லாரோட காலையும் புடிச்சு டாப் (தட்டித் தோல்விய ஒத்துக்கிறது) வாங்கினதைப் பாத்து டேனஹர் போய் விசாரிக்க, மனுஷ உடம்புல பாதிய எதுக்கு விட்டு வைக்கணும்னு அவர் திருப்பிக் கேட்டுட்டாரு. அந்தக் கேள்வி இவர் மண்டைக்குள்ள பூந்துடுச்சு.

அப்போ கால் லாக், அதாவது காலைப் பூட்டித் திருகறதுன்னா ஒரு மாதிரி மட்டமான வேலைன்னு பேரு. புடிச்சு கிடைக்கலன்னா அடில மாட்டிக்குவோம், முதல்ல பொசிஷன் (எதிராளியை அடக்கி வெக்கிற நிலை), அப்புறம்தான் சப்மிஷன் (டாப் பண்ண வைக்கிற பிடி)னு எல்லா வாத்தியாரும் சொல்லிட்டு இருந்தாங்க. அந்த விதிய இவர் எதுக்கவே இல்ல, அதே விதிய காலுக்கும் கொண்டு வந்தாரு, எனக்கு இதுதான் பெரிய புத்திசாலித்தனமா படுது. காலைத் திருகறதுக்கு முன்னாடி காலை அசைய விடாம கட்டிப் போடணும், நம்ம ரெண்டு காலையும் எதிராளியோட ஒரு காலைச் சுத்திப் பின்னி அவன் இடுப்பு நகராம பண்ணணும். இந்தக் கால் பின்னலுக்கு ஜூடோவுலேர்ந்து வந்த அஷி கராமிங்கிற பேரையே வெச்சுக்கிட்டு, அதுல ஒவ்வொரு வகையையும் தனித்தனியா பிரிச்சு, எதுலேர்ந்து எதுக்குப் போகணும், அவன் எழுந்தா என்ன, உருண்டா என்னன்னு ஒரு முழு வரைபடமே போட்டுட்டாரு.

சாயந்திரம் கிளாஸ்ல இதத்தான் மெதுவா பண்ணிப் பாத்தோம். சீனியர் அண்ணன் என் காலைப் பின்னி வெச்சிட்டு, "இப்ப எந்திரி தம்பி பாப்போம்"னாரு. கையால பிடிக்கவே இல்ல அவரு, வெறும் கால்தான், அவரோட ரெண்டு காலும் என் தொடைக்கு மேல முக்கோணமா பூட்டியிருக்கு, என் முட்டி அவரோட ரெண்டு தொடைக்கும் நடுவுல. இடுப்பைத் தூக்க முடியல, திரும்பவும் முடியல. அப்புறம்தான் என் பாதத்தை அக்குள்ல வெச்சு குதிகாலை முன்கைல கோத்தாரு. குதிகாலைத் திருப்பினா அந்தத் திருகல் கணுக்கால்ல நிக்கிறதில்ல, நேரா முட்டிக்கு ஏறுது, ஏன்னா முட்டிக்கு மேல இருக்கிற எலும்பு அவர் பூட்டுல அசையாம கிடக்கு. முட்டி ஜவ்வு கிழியற வரைக்கும் பெருசா வலியே தெரியாம இருக்கலாம், அதனாலதான் வலிக்கிறதுக்கு முன்னாடியே டாப் பண்ணுன்னு கத்திக் கத்திச் சொல்றாங்க. அண்ணன் திருப்பவே இல்ல, கோத்த உடனே நான் ரெண்டு தட்டு தட்டிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

மன்ஹாட்டன்ல ரென்ஸோ அகாடமில தரைக்குக் கீழ இருக்கிற தளம், நீல மேட் போட்டது, ப்ளூ பேஸ்மென்ட்டுன்னே பேரு. மேல ஊரு பரபரன்னு ஓடிட்டு இருக்கும், கீழ இவங்க பாட்டுக்கு காலைப் பின்னிட்டுக் கிடப்பாங்க. கேரி டோனன், எடி கமிங்ஸ், கோர்டன் ரயன், அவன் தம்பி நிக்கி ரயன்னு டேனஹரோட மாணவர் கூட்டம். வெளிய இவங்களுக்கு டேனஹர் டெத் ஸ்குவாட்னு பேரு. 2014ல எடி பிராவோங்கிற ஜியு-ஜிட்சு வாத்தியார் சப்மிஷனை மட்டுமே வெச்சு இபிஐன்னு ஒரு போட்டி ஆரம்பிச்சதும் இந்தப் பசங்க ஒண்ணு மாத்தி ஒண்ணு ஜெயிச்சாங்க. அந்தப் போட்டில நேரம் முடிஞ்சா ஓவர்டைம், முதுகைப் பிடிச்ச நிலைலேர்ந்தோ எதிராளி கையப் பிடிச்சு வெச்ச நிலைலேர்ந்தோ ஆரம்பிக்கணும். உடனே இவர் முதுகுக்கும் ஒரு சிஸ்டம் எழுதி பசங்களை அதுலயும் தேத்திட்டாரு.

2017 ஏடிசிசி ஃபின்லாந்துல நடந்துச்சு. கோர்டன் ரயனுக்கு 22 வயசு, முதல் ஏடிசிசி, 88 கிலோல தங்கம், எடை பாக்காத பிரிவுல வெள்ளி. 2019ல 99 கிலோ, எடை பாக்காத பிரிவு ரெண்டுலயும் தங்கம். காலுக்கு பயந்து எல்லாரும் காலை ஒளிச்சு வெச்சா அவன் அது மேலயே ஏறி முதுகுக்குப் போயிடுவான். இத்தனை வருஷம் கால் கால்னு பேசின வாத்தியார்கிட்டேர்ந்து வந்தவனோட பலமான ஆயுதம் கழுத்தை நெறிக்கிறதுதான், எனக்கு இது பாக்கப் பாக்க ஆச்சரியமா இருக்கு.

ரூல் புக்கே கூட மாறிடுச்சு. ஐபிஜேஜேஎஃப்ங்கிற ஜியு-ஜிட்சு சங்கம் ஹீல் ஹூக்கை ரொம்ப காலம் தடை பண்ணி வெச்சிருந்தாங்க, 2021லேர்ந்து நோ-கி (சண்டை அங்கி போடாத) போட்டில பெரியவங்க பிரவுன், பிளாக் பெல்ட்டுக்கு அனுமதி குடுத்துட்டாங்க.

மார்ச் 22, சனி

இவர் கால் லாக் வாத்தியார் மட்டும்னு நினைக்கிறவங்க ஜார்ஜ் செயின்ட் பியரைப் பாக்கணும். மான்ட்ரியல்லேர்ந்து பஸ் புடிச்சு நியூயார்க் வந்து பயிற்சி எடுத்த பையன் அவரு, குப்பை அள்ற வேலைகூட பாத்தவரு. பின்னாடி யூஎஃப்சில பெரிய சாம்பியன் ஆயிட்டாரு. நாலு வருஷம் விலகி இருந்துட்டு 2017 நவம்பர்ல மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல மைக்கேல் பிஸ்பிங்கை மூணாவது ரவுண்டுல கழுத்தைப் பிடிச்சு முடிச்சாரே, அந்த சண்டைக்கெல்லாம் டேனஹர் கூட இருந்தாரு.

ஆளோட தோற்றம்தான் எல்லாருக்கும் பேச்சு. எங்க போனாலும் ரேஷ் கார்டு (உடம்போட ஒட்டின பயிற்சி பனியன்), நேர்காணலுக்கும் அதேதான். குரல் உயர்த்தாம, ஒவ்வொரு வாக்கியத்தையும் முழுசா முடிச்சு, ஒரு கைப்பிடிய அரை மணி நேரம் விளக்குவாரு. வீடியோ ரொம்ப நீளம்னு ஜிம்ல நிறைய பேரு குறை சொல்றாங்க, எனக்கு அந்த நீளம்தான் வேணும். மத்தவங்க "இப்படிப் பண்ணு"ன்னு விட்டுடுவாங்க, இவர் ஏன்னு சொல்ற வரைக்கும் விட மாட்டாரு.

2020 கடைசில கூட்டத்தோட புவேர்ட்டோ ரிக்கோ போனாங்க, 2021 ஜூலைல டீம் உடைஞ்சுது. ஒரு பக்கம் தனி ஜிம் திறந்துட்டாங்க, இவரும் கோர்டனும் டெக்சஸ்ல ஆஸ்டின் போய் நியூ வேவ்னு ஆரம்பிச்சாங்க. ரெண்டு பக்கத்தையும் பிடிக்கும்ங்கிறதால அதைப் படிக்கவே கஷ்டமா இருந்துச்சு, அதனால அதுக்குள்ள போகல.

மார்ச் 27, வியாழன்

கோர்டன் மாதிரி ஒருத்தன் கிடைச்சா எந்த வாத்தியாரும் பெரிய ஆளாயிடலாம்னு நேத்து ஒருத்தர் வாதம் பண்ணாரு. அதுக்கு பதில் ஜியான்கார்லோ போடோனி. வேற டீம்ல இருந்தவரு, பெரிய பேரு எதுவும் இல்லாதவரு, இவர்கிட்ட வந்து சேந்து கொஞ்ச காலத்துலயே 2022 ஏடிசிசில 88 கிலோ தங்கம், 2024ல திரும்பவும் தங்கம். ஒரே மேதைய வெச்சு இது நடக்கல, முறைல விஷயம் இருக்கு.

இவரோட இன்னொரு பழக்கம் எனக்கு உடனே உதவப் போகுது. புதுசா வர்றவங்களுக்கு அடிப்படைன்னு இவர் போட்ட பாடங்கள்ல முதல்லயே வர்றது தப்பிக்கிறதுதான், அடில அமுக்கி வெச்சா எப்படி வெளிய வர்றதுன்னு. மாட்டினா வெளிய வந்துடலாம்ங்கிற தைரியம் இருந்தாதான் ஒருத்தன் ரிஸ்க் எடுத்து தாக்குவான்ங்கிறாரு. கோச்கிட்ட பேசிட்டேன், வர்ற சனிக்கிழமை ஓப்பன் மேட்ல (கிளாஸ் இல்லாம அவங்கவங்க பயிற்சி பண்ற நேரம்) அண்ணன் என்னை சைடு கன்ட்ரோல்ல, அதாவது பக்கவாட்டுலேர்ந்து நெஞ்சு மேல படுத்து அமுக்கி வெச்சே ஆரம்பிக்கப் போறாரு, வெளிய வந்தா மறுபடி அங்கேயே போய் படுக்கணும். முழங்கையை உள்ள நுழைச்சு முட்டியக் கொண்டு வர்றது வலது பக்கம் ஓரளவு வருது, இடது பக்கம் சுத்தமா வரல, அதனால இடது பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கேன்.